பேரிங் இறங்க மறுத்தால்: உப்புக்காற்றில் ஒரு வீட்டுப் பட்டறை, ஒரு பிரஸ், அதன் கோளாறுகள்

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளில்தான் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இன்ஜினைப் பிரிப்பதும் கியர்பாக்ஸைக் கழற்றுவதும் மும்முரமாக நடக்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த இடைவெளியும் இல்லை. கடல்நீர் பம்ப் இன்று நின்றால் நாளை விடியலுக்குள் ஓடியாக வேண்டும். அதனால்தான் வீட்டுப் பின்புறத்தில் ஒரு மேசையைப் போட்டு, அதில் ஒரு பிரஸ்ஸை (அழுத்திப் பொருத்தவும் கழற்றவும் உதவும் கருவி) நிறுத்தி, பேரிங்கும் புஷ்ஷும் தாங்களே மாற்றிக்கொள்ளப் பலர் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்பட வேண்டிய காரியம்தான்.

ஆனால் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையில்தான் தொடங்குகிறார்கள்: "பிரஸ் சரியில்லண்ணே." போய்ப் பார்த்தால் பிரஸ்மேல் குற்றம் இருப்பது அபூர்வம். கீழே தாங்கும் கட்டை கோணலாக இருக்கும், மேசை மணலில் இறங்கியிருக்கும், கழற்றாத சர்க்கிளிப் (பேரிங் நகராமல் பூட்டும் வளையம்) ஒன்று உள்ளே இருக்கும், அல்லது உப்பு பிடித்திருக்கும். லீவர் கனத்தால் அது ஒரு செய்தி. அந்த இடத்தில் நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். இன்னும் நாலு பம்ப் அடித்துப் பார்ப்பதில்தான் ஹவுசிங், அதாவது பேரிங் உட்காரும் கூடு, வெடிக்கிறது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில்.

## கை வைப்பதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

பேரிங் வளையம் கடினப்படுத்திய எஃகு. அளவு மீறி அழுத்தினால் அது வளையாது, உடைந்து தெறிக்கும். கண்ணை மட்டும் மூடும் கண்ணாடி போதாது, முகம் முழுக்க மறைக்கும் கவசம் போடுங்கள். பிரஸ்ஸுக்கு நேர் எதிரே நிற்காமல் தூண் பக்கமாக ஒதுங்கி நின்று லீவரை இயக்குங்கள். பழைய பேரிங்கை வெளியே தள்ளும்போது அதைச் சுற்றித் தடித்த கித்தான் துணியைக் கட்டிவிடுங்கள்.

ஸ்பானர் செட்டில் இருக்கும் சாக்கெட்டை வைத்துத் தள்ளும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. அதுவும் கடினப்படுத்தியதுதான், பிளக்கும். தடித்த சாதா இரும்புக் குழாயை வேண்டிய விட்டத்தில் வெட்டி, இரு முனையையும் லேத்தில் மட்டமாகச் சீவி வாங்கி வையுங்கள். பத்துக் குழாய்த் துண்டு சேர்ந்தால் அதுவே உங்கள் சொத்து. பிரஸ்ஸோடு வரும் வார்ப்பிரும்புத் தாங்கு தட்டில் கோடு போல விரிசல் தெரிந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பு முன்னறிவிப்பு கொடுத்து உடைவதில்லை.

## அறிகுறி 1: பேரிங் சாய்ந்து இறங்குகிறது

முதலில் அழுத்தத்தை விடுங்கள். சாய்ந்த பேரிங்கை அழுத்தி நேராக்க முடியாது. எதிர்ப்பக்கம் லேசாகத் தட்டி வெளியே எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

தொடக்கம் சரியாக இருந்ததா? பேரிங்கைக் கையால் வாயில் வைத்து, ராம் (பிரஸ்ஸில் நகர்ந்து அழுத்தும் தண்டு) தொடும் அளவுக்கு மட்டும் இறக்கி, ஒரு நூல் அழுத்தி, விட்டுவிடுங்கள். விட்டவுடன் அது தானே மட்டத்துக்கு வரும். மூலமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்த்து, கால் சுற்றுத் தள்ளி மறுபடி பாருங்கள். இரண்டிலும் ஒளி தெரியவில்லை என்றால் தொடரலாம்.

கீழே என்ன இருக்கிறது? தாங்கு தட்டுகள் இரண்டும் ஒரே தடிமனா, அடியில் மணல் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் மணல் எல்லா இடத்துக்கும் வரும். எச் வடிவச் சட்டமுள்ள பிரஸ்ஸில், படுகையை, அதாவது வேலைப்பொருளை வைக்கும் குறுக்குச் சட்டத்தை, தாங்கும் பின் ஒரு பக்கம் ஒரு துளையிலும் மறுபக்கம் அடுத்த துளையிலும் செருகியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். துளைகளை மேலிருந்து எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

தள்ளும் குழாய் நேராக இருக்கிறதா? ஹேக்சாவால் அறுத்த முனை என்றைக்கும் நேராக இருக்காது. மட்டமான தட்டில் நிறுத்தி மூலமட்டம் வையுங்கள். சாய்ந்தால் லேத் பட்டறைக்குக் கொடுங்கள்.

ராம் ஆடுகிறதா? கைப்பிரஸ் என்றால் ராமின் பக்கவாட்டில் இறுக்கும் திருகுகள் இருக்கும். ராம் தடையில்லாமல் ஓடும், ஆனால் ஆடாது என்ற அளவுக்கு இறுக்குங்கள்.

இத்தனைக்கும் பிறகும் சாய்கிறது என்றால் சட்டத்தையே அளக்க வேண்டும். எச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளங்கள். சமமாக இல்லாவிட்டால் சட்டம் வளைந்திருக்கிறது. அதை வீட்டில் நிமிர்த்த முயலாதீர்கள். வெல்டிங்கும் லேத்தும் தெரிந்த ஒருவர் கையில் கொடுங்கள், அல்லது மாற்றுங்கள்.

## அறிகுறி 2: கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது

எந்த இடத்தில் நின்றது என்பதுதான் இங்கே விடை.

### வாயிலேயே நிற்கிறது

அளந்தீர்களா? பேரிங் எண் 6205 என்றால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. 6204 என்றால் 20, 47, 14. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் வெர்னியரைப் போட்டுப் பாருங்கள். ஷாஃப்டையும் அளங்கள். அளவு சரி என்றால் ஷாஃப்ட் முனையில் பிசிறு இருக்கும். முந்தைய ஆள் சுத்தியலால் அடித்ததில் முனை காளான் போல விரிந்திருக்கும். மெல்லிய அரத்தால் ஓரத்தைச் சற்றுச் சரித்துவிட்டு எண்ணெய் தடவிப் போடுங்கள்.

### நடுவில் திடீரென்று நிற்கிறது

சாய்ந்திருக்கலாம், அதற்கு அறிகுறி 1-ஐப் பாருங்கள். இல்லையென்றால் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். சர்க்கிளிப் பள்ளத்தில் உப்பும் கிரீஸும் சேர்ந்து மூடிவிட்டால் கிளிப் இருப்பதே தெரியாது. ஊசி முனையால் சுற்றிலும் சுரண்டிப் பாருங்கள்.

### கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் நிற்கிறது

அடியில் அழுக்கு இருக்கிறது, அல்லது அடைத்த துளையில் கிரீஸ் மாட்டியிருக்கிறது. கிரீஸுக்கு வெளியேற வழி இல்லை என்றால் அது இரும்புக்கு இரும்பாக நின்று தடுக்கும். எடுத்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள். சற்றே எண்ணெய் போதும், கிரீஸை அப்ப வேண்டாம்.

### எங்கேயும் நிற்கவில்லை, ஆனால் மிகவும் கனக்கிறது

25 மி.மீ. ஷாஃப்டில் இறுக்கம் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அதை ஏற்ற ஒரு டன் அழுத்தம்கூடத் தேவைப்படாது. 10 டன் ஜாக் முனகுகிறது என்றால் ஏதோ தப்பு. அளவு சரியாக இருந்தும் கனத்தால் வெப்பத்தின் உதவியைக் கேளுங்கள். 52 மி.மீ. வாயுள்ள அலுமினிய ஹவுசிங்கைச் சாதாரண நிலையிலிருந்து 70 டிகிரி சூடாக்கினால் வாய் ஏறத்தாழ 0.08 மி.மீ. விரியும். பல இடங்களில் பேரிங் கையாலேயே விழும். ஹவுசிங்கைக் கொதிக்கும் நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, ஈரத்தைத் துடைத்து, உடனே போடுங்கள். கையுறை அவசியம்.

ஷாஃப்டில் ஏற்றவேண்டிய பேரிங்கையும் இப்படிச் சூடாக்கலாம், எண்ணெய்ச் சட்டியில் வைத்து. ஆனால் 120 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, எஃகின் பதம் போய்விடும். இருபுறமும் ரப்பர் மூடியுள்ள பேரிங் என்றால் 80 டிகிரியே எல்லை, எண்ணெயிலும் முக்கக் கூடாது. கேஸ் விளக்கின் தீயை நேராகக் காட்டுவது எந்த பேரிங்குக்கும் ஆகாது.

## அறிகுறி 3: போட்டு முடித்த பேரிங் சுற்றும்போது கரகரக்கிறது

இதில் முக்கால்வாசிக் கேஸ்கள் ஒரே காரணம்: தப்பான வளையத்தில் அழுத்தியிருக்கிறார்கள்.

ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். ஹவுசிங்கில் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டு வளையத்தையும் சேர்த்துத் தொடும் தட்டையான தகடு வேண்டும். மாற்றி அழுத்தினால் முழு விசையும் குண்டுகள் வழியாகப் போகும்; குண்டு ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழி விழும். வெளியே ஒன்றும் தெரியாது. கையால் மெல்லச் சுற்றினால் படிப்படியாக விழுவது விரலுக்குத் தெரியும். அந்த பேரிங்கை எந்தக் கிரீஸும் காப்பாற்றாது. புதிதாக வாங்குங்கள். ஷாஃப்டிலிருந்து கழற்றும்போது வெளி வளையத்தைப் பிடித்து இழுத்த பேரிங்கும் இதே கதிதான், மறுபடி போடாதீர்கள்.

படிப்படியாக விழவில்லை, மணல் அரைப்பது போல இருக்கிறது என்றால் நிஜமாகவே மணல்தான். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் நாளில் திறந்த வெளியில் பேரிங் பெட்டியைப் பிரிக்காதீர்கள். பிரஸ்ஸில் வைக்கும் நொடிவரை அது உறைக்குள் இருக்கட்டும்.

சுற்றவே கனமாக இருக்கிறது, ஆனால் சீராக இருக்கிறது என்றால் உள்ளிருக்கும் இடைவெளி போதவில்லை. பழைய பேரிங்கின் எண்ணுக்குப் பின்னால் சி3 (உள் இடைவெளி கூடுதலான வகை) என்று இருந்ததா பாருங்கள். அப்படியென்றால் புதியதும் சி3-ஆகத்தான் இருக்க வேண்டும். கடையில் "அதேதான், எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். எண்ணை நீங்களே படியுங்கள்.

எண்ணும் சரி, அழுத்தியதும் சரி, இருந்தும் இறுகுகிறது என்றால் ஷாஃப்டோ ஹவுசிங்கோ அளவு பிசகியிருக்கிறது. மைக்ரோமீட்டர் உள்ள லேத் பட்டறையில் அளக்கக் கொடுங்கள்.

## அறிகுறி 4: பழைய பேரிங் வெளியே வரவே மாட்டேன் என்கிறது

நம் கரையில் அதிகம் பார்ப்பது இதுதான். பொறுமையாகப் போங்கள்.

முதல் நாள். சர்க்கிளிப், பக்கவாட்டுத் திருகு, பின், எல்லாம் கழன்றுவிட்டதா? ஆம் என்றால் அழுத்தாமல், எண்ணெயும் விடாமல், முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பின்மேல் எண்ணெய் விட்டால் எண்ணெய் உள்ளே இறங்காது. காயவைத்து, பிறகு துருவிளக்கி எண்ணெயை விட்டு இரவு முழுக்க விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் எண்ணெயான ஏடிஎஃப்பையும் அசிட்டோனையும் சம அளவு கலந்து விட்டால் நன்றாக இறங்கும். ஆனால் அசிட்டோன் ஆவி ஒரு பீடி நெருப்பில் பற்றும். திறந்த வெளியில் மட்டும், அன்றைக்கு அந்தப் பக்கம் எந்த நெருப்பும் கூடாது. டீசல் மட்டும் இருந்தால் டீசல் விடுங்கள், நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

மறுநாள். மிதமான அழுத்தம் கொடுத்து நிறுத்துங்கள். ஹவுசிங்கின் தடித்த பகுதியில் செம்பு அல்லது பித்தளைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். துரு விடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளும் சட்டென்று விழும். வரவில்லையா, அழுத்தத்தை எடுத்துவிட்டு எதிர்த் திசையில் ஒரு நூல் உள்ளே தள்ளிப் பாருங்கள். உள்ளே ஒரு நூல் நகர்ந்தது வெளியே வரத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். அழுத்தம் கொடுத்த நிலையில் பிரஸ்ஸை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

### ஹவுசிங் அலுமினியமா?

ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் அரித்திருக்கிறது. எஃகும் அலுமினியமும் கடல்நீரில் ஒட்டி இருந்தால் அலுமினியம்தான் கரையும். அந்தப் பொடி எடுத்துக்கொள்ளும் இடம் அதிகம், அதனால் பேரிங்கை நெருக்கிப் பிடிக்கும். இதற்கு எண்ணெய் பெரிதாக உதவாது, வெப்பம்தான் மருந்து. முந்தைய நாள் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, கொதிநீரில் முழுதாக மூழ்க வைத்து எடுத்து, சூடு ஆறுமுன் அழுத்துங்கள். மூன்று நான்கு முறை சூடாக்கி அழுத்த வேண்டி வரலாம். கேஸ் விளக்கு வேண்டவே வேண்டாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உருகப்போகிறது என்று நிறம் மாறிக் காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலை இறங்கிவிடும்.

### உள் வளையம் மட்டும் ஷாஃப்டில் தங்கிவிட்டதா?

வளையத்தில் கிரைண்டரால் குறுக்கே ஒரு பள்ளம் போடுங்கள், ஷாஃப்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். பள்ளத்தில் உளியை வைத்து ஒரு அடி, வளையம் பிளந்துவிடும். முகக் கவசம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

### எப்போது ஆள் கூப்பிடுவது

சட்டம் முறுமுறுக்கிறது, தாங்கு தட்டு வளைகிறது, ஹவுசிங்கில் மயிரிழைக் கோடு தெரிகிறது. இதில் ஒன்று நடந்தாலும் நிறுத்துங்கள். பெரிய பிரஸ் உள்ள பட்டறைக்கு அப்படியே எடுத்துப் போங்கள். கிராங்க் ஷாஃப்ட் பின்னை அழுத்திக் கோக்கும் வேலையை வீட்டு பிரஸ்ஸில் தொடவே வேண்டாம். அழுத்துவது சுலபம், இரண்டு பக்கத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவருவதற்கு வேறு கருவியும் வேறு கையும் வேண்டும்.

## அறிகுறி 5: ஜாக் அழுத்தம் பிடிக்கவில்லை

### ஏறவே இல்லை, அல்லது பஞ்சு போல அமுங்குகிறது

விடுவிக்கும் திருகு முழுதாக மூடியிருக்கிறதா பாருங்கள். மூடியிருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. திருகைத் திறந்து லீவரைப் பத்துப் பதினைந்து தடவை வேகமாக அடியுங்கள், பிறகு மூடிச் சோதியுங்கள். அப்புறம் எண்ணெய். ராம் முழுதாக உள்ளே இருக்கும்போது, நிமிர்ந்த ஜாக்கில், எண்ணெய் ஊற்றும் துளையின் அடி விளிம்பு வரை இருக்க வேண்டும். ஊற்றுவது ஹைட்ராலிக் எண்ணெய் மட்டும், ஐஎஸ்ஓ விஜி 32 பெரும்பாலான பாட்டில் ஜாக்குகளுக்குச் சரிவரும். பிரேக் ஆயில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் ஊதிக் கெடும். கையில் இருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலையும் ஊற்றாதீர்கள்.

எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் கூரையில்லாத இடத்தில் நின்ற ஜாக்குகளில் இதைப் பார்க்கலாம். முழுவதும் வடித்து, புது எண்ணெயில் ஒரு முறை அலசி, மறுபடி நிரப்புங்கள்.

### ஏறுகிறது, நின்ற இடத்தில் மெல்ல இறங்குகிறது

சுமையைக் கொடுத்து, ராமில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு இறங்குகிறது, வெளியே எண்ணெய் கசிகிறது என்றால் மேல் சீல். வெளியே ஈரமே இல்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் உள்ளே வால்வில் அழுக்கு. எண்ணெயை மாற்றிக் காற்றை விட்டுப் பார்த்தும் தீரவில்லை என்றால் சீல் கிட்டை மாற்ற வேண்டும். கிட் கிடைத்து, ராமில் குழி இல்லையென்றால் மாற்றலாம். ராமில் துருக்குழி விழுந்திருந்தால் புது சீலையும் அது சீக்கிரம் அறுத்துவிடும், அப்போது ஜாக்கையே மாற்றுவது லாபம். அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒன்று பல ஜாக்குகளில் இருக்கும். அதை யாரும் முறுக்கிக் கூட்டாதீர்கள், மெக்கானிக்கே கேட்டாலும்.

## அறிகுறி 6: மேசை ஆடுகிறது, போல்ட் தளர்கிறது

தரை மணல் என்றால் மேசைக் கால் இறங்கும். ரசமட்டத்தை மேசையில் வைத்துப் பாருங்கள், மாதம் ஒரு முறை. சின்னக் கைப்பிரஸ் என்றால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான கருங்கல் பலகை போதும். கனமானது என்றால் கான்கிரீட் மேடை போடுங்கள். அதற்குக் கடற்கரை மணலை எடுக்கக் கூடாது, பக்கத்தில் சும்மா கிடந்தாலும் கூடாது. அதிலுள்ள உப்பு உள்ளே பதித்த போல்டைத் தின்றுவிடும், போல்ட் போன பிறகுதான் வெளியே தெரியும்.

மேசைப் பலகைக்கு நம் மாவட்டத்தில் பனையைவிட எதையும் சொல்ல மாட்டேன். பழைய வீடு இடிக்கும் இடத்தில் வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள் கிடைக்கும். அவற்றை நெருக்கி அடுக்கி, மேலே 6 மி.மீ. இரும்புத் தகடு போட்டு, பிரஸ்ஸின் போல்டுகளைப் பலகைக்கு அடிவரை இறக்கி, அடியில் வாஷருக்குப் பதில் அகலமான பட்டை இரும்பைக் கொடுத்து இறுக்குங்கள். வாஷர் மட்டும் போட்டால் மரம் அமுங்கி போல்ட் தளரும். துருப்பிடிக்காத எஃகு போல்டு போடுகிறீர்கள் என்றால் 304-ஐ விட 316 நல்லது, உப்புக் குழி விழுவது குறையும். அந்த நட்டுகள் இறுக்கும்போதே கடித்துப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளவை, அதனால் மரையில் சீஸ் ஆகாமல் தடுக்கும் பசையைத் தடவி மெதுவாக முறுக்குங்கள்.

உயரம்: லீவர் கீழே வந்து நிற்கும் இடம் உங்கள் இடுப்பு. அதற்குக் கீழே போனால் நீங்கள் குனிகிறீர்கள், முகம் பேரிங்குக்கு நேரே வருகிறது.

## அறிகுறி 7: எத்தனை எண்ணெய் தடவினாலும் துரு

எண்ணெய் தடவுகிறார்கள், ஆனால் உப்பின்மேல் தடவுகிறார்கள். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரையும். மழையே வேண்டாம், நம் இரவுக் காற்று போதும். கரைந்த உப்புநீர் எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் சுகமாக இரும்பை அரித்துக்கொண்டிருக்கும்.

வரிசை இதுதான்: நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடை, உலர்ந்த துணியால் துடை, வெயிலில் கொஞ்சம் காயட்டும், பிறகு மெல்லிய மெஷின் எண்ணெய். ராமில் கிரீஸ் பூசாதீர்கள், அது மணலைப் பிடித்துவைத்து சீலை அறுக்கும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும், வேண்டாம். வேலை முடிந்ததும் ராமை முழுதாக உள்ளே இறக்கி வையுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ராம்தான் முதலில் குழி விழும்.

சாக்குப்பையால் மூடி வைக்கிறவர்கள் ஈரத்தை மூடி வைக்கிறார்கள். காற்று போகும்படி அடிப்பக்கம் திறந்த உறைதான் வேண்டும். கடலைப் பார்த்த சுவரில் சன்னல் இருந்தால் பிரஸ் எதிர்மூலைக்குப் போகட்டும்.

பெயின்ட் உரிந்த இடத்தைச் சுரண்டி, கழுவி, காயவைத்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, அதன்மேல் எபாக்சி பெயின்ட் இரண்டு கோட். இதைச் சிலர் அதிகப்படி என்று நினைக்கிறார்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்குக் காரணம் அரிப்புதான். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் சேர்த்திருக்கிறார்கள். அதே காற்றுதான் உங்கள் பின்புறத்திலும் வீசுகிறது.

சட்டத்தின் வெல்டிங் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் பெயின்ட் அடித்து மறைக்காமல் சுரண்டிப் பாருங்கள். அடியில் விரிசல் இருந்தால் பிரஸ்ஸை ஓரம் கட்டுங்கள். அந்த இடத்தைத் தகுதியான வெல்டர் பிளந்து நிரப்பும்வரை எதையும் அழுத்தாதீர்கள்.

## அறிகுறி 8: அதே பம்ப்பில் அதே பேரிங் மறுபடி மறுபடி போகிறது

இதுவும் பிரஸ் தலையில் விழும் பழி. கடல்நீர் பம்ப்பில் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் கசிந்தால் நீர் அந்த வழியே சொட்ட வேண்டும், பேரிங்குக்குப் போகக் கூடாது. உப்பும் பெயின்டும் அந்தத் துளையை அடைத்துவிட்டால் நீர் நேரே பேரிங்குக்குப் போகும். கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். பத்துப் பைசா செலவில்லை.

துளை திறந்திருந்தும் சொட்டுகிறது, புது சீலும் நிற்கவில்லை என்றால் ஷாஃப்டில் சீல் உதடு உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் அங்கே பள்ளம். இடமிருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தலாம். இல்லையென்றால் லேத் பட்டறையில் ஷாஃப்டுக்கு மெல்லிய உறை போடச் சொல்லுங்கள், அல்லது புது ஷாஃப்ட். சீலை இறக்கும்போது பேரிங்கைப் போலவே மட்டத் தட்டு வைத்து பிரஸ்ஸில் இறக்குங்கள். சுத்தியலால் அடித்து இறக்கிய சீல் முதல் நாளே கோணியிருக்கும்.

## எதை வாங்குவது

கடைசியில் எழுதுவதற்குக் காரணம், மேலே உள்ளதைப் படித்த பிறகு உங்களுக்கு எவ்வளவு சிறிய பிரஸ் போதும் என்று தெரிந்திருக்கும்.

பம்ப், ஆல்டர்னேட்டர், சின்ன மோட்டார், இவ்வளவுதான் வேலை என்றால் ஒரு டன் கைப்பிரஸ். பல்சக்கரத்தில் ஓடுவது, எண்ணெய் இல்லை, சீல் இல்லை, உப்புக்காற்றில் கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. முக்கியமாக, எதிர்ப்பு எவ்வளவு என்று கைக்கு நேராகத் தெரியும். புதிதாகத் தொடங்கும் தம்பிகள் இதில் பழகுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

துருப்பிடித்தவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும், கியர்பாக்ஸ் பேரிங்கும் வரும் என்றால் 10 அல்லது 12 டன் பாட்டில் ஜாக் பொருத்திய எச் சட்டம். கேஜ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கேஜ் இல்லாத ஹைட்ராலிக் பிரஸ்ஸில் விசை எவ்வளவு போகிறது என்பது உடையும்வரை தெரியாது. வாங்கும் இடத்திலேயே மூலைவிட்டங்களை அளங்கள், படுகைப் பின்கள் துளையில் ஆடாமல் உட்காருகின்றனவா பாருங்கள், வெல்டிங் இரு பக்கமும் தொடர்ச்சியாக ஓடியிருக்கிறதா அல்லது புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின் தொலைந்தால் கையில் கிடைத்த போல்டைச் செருகக் கூடாது, அதே விட்டத்தில் செய்து வாங்க வேண்டும்.

20 டன், அதற்கு மேல், வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். அவ்வளவு விசை கேட்கும் வேலை வருடத்தில் எப்போதாவதுதான் வரும். அதைப் பெரிய பட்டறைக்கு எடுத்துப் போகும் ஆட்டோ வாடகை, உங்கள் வீட்டில் அந்தச் சட்டம் நின்று துருப்பிடிப்பதைவிட மலிவு. பழைய இரும்புக் கடையில் மலிவாக ஒன்று கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ராமை முழுதாக வெளியே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். குழி தெரிந்தால் ஜாக்குக்கு விலை கொடுக்காதீர்கள், சட்டத்துக்கு மட்டும் எடை போட்டு வாங்குங்கள்.